கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி

கம்பம் பள்ளத்தாக்கில் மகளிர் மருத்துவம் பார்க்கத் தொடங்கி முப்பது ஆண்டுகளை நெருங்குகிறேன். இத்தனை காலத்தில் "எனக்கு மெனோபாஸ் வந்துவிட்டதா பாருங்கள்" என்று கேட்டு வந்த பெண்கள் மிகக் குறைவு. மூட்டுவலி என்று வருவார்கள். இரண்டு மாதமாகத் தூக்கமில்லை என்பார்கள். நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கால் எரிகிறது, கையைத் தூக்கித் தலை பின்ன முடியவில்லை, நீர்க்கடுப்பு விட்டபாடில்லை, சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வருகிறது, அடுப்படிக்குள் எதற்குப் போனோம் என்பதே மறந்துபோகிறது என்பார்கள். என்னிடம் வருவதற்கு முன்பே படபடப்புக்கு ஈசிஜி, முழங்காலுக்கு எக்ஸ்ரே, தலைசுற்றலுக்குக் கழுத்து ஸ்கேன் என்று ஒரு மஞ்சப்பை நிறையக் காகிதம் சேர்ந்திருக்கும். பெரும்பாலான காகிதங்களில் "நார்மல்" என்றுதான் எழுதியிருக்கும். "எல்லாம் நல்லாத்தான் இருக்குங்கிறாக டாக்டரம்மா. எனக்குத்தான் நல்லா இல்ல" என்று சின்னமனூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா சொன்னார். அவரைப் போல எத்தனையோ பேர்.

அந்தப் பையைப் பிரிப்பதற்கு முன் நான் கேட்பது ஒன்றுதான். "கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க?" கடைசி மாதவிடாய் எப்போது என்பதை இங்கே இப்படித்தான் கேட்போம்.

45 வயதைத் தாண்டிய பெண்ணிடம் மெனோபாஸைக் கண்டறிய இந்தக் கேள்வியையும், அதைத் தொடர்ந்து அவர் சொல்லும் கதையையும் விட நல்ல கருவி என் கையில் எதுவும் இல்லை. அதே சமயம், "இந்த வயசுல அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி வேறொரு நோயை மூடி மறைத்துவிடவும் இதே வயதுதான் இடம் கொடுக்கிறது. மெனோபாஸை மெனோபாஸ் என்று சொல்ல வேண்டும். மெனோபாஸ் இல்லாததை அதன் பெயரால் அனுப்பிவிடக் கூடாது. என் தொழிலில் நான் கற்றதையெல்லாம் இந்த இரண்டு வரிகளுக்குள் அடக்கிவிடலாம்.

தேதி கேட்டால் பலருக்கும் சட்டென்று நினைவு வராது. திருவிழா நினைவிருக்கும். "வீரபாண்டித் திருவிழாவுக்கு அக்கினிச்சட்டி எடுக்கணும்னு இருந்தேன், அன்னைக்குப் பாத்து வந்துருச்சு" என்பார் ஒருவர். சித்திரை மாதம் என்று குறித்துக்கொள்வேன். "மக வளைகாப்பு அன்னைக்குத் தள்ளி உக்காந்தேன்" என்பார் இன்னொருவர். கோயிலுக்குப் போக முடியாத நாள், விசேஷத்தில் ஒதுங்கி நின்ற நாள் என்று பின்னோக்கிப் போனால் கடைசி ஓராண்டின் கணக்கு பெரும்பாலும் கிடைத்துவிடும். அந்தக் கணக்கில்தான் நோயறிதல் இருக்கிறது.

முதலில் சுற்று குலையும். 28 நாளுக்கு ஒரு முறை வந்தது 21 நாளில் வரும், அடுத்தது 35 நாளில் வரும். அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையில் ஒரு வாரமோ அதற்கு மேலோ வித்தியாசம் தொடர்ந்து தெரிந்தால் மாற்றம் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். பிறகு 60 நாளுக்கு மேல் இடைவெளி விழும். அது மாற்றத்தின் பின்பகுதி. பெரும்பாலோருக்கு இதற்கப்புறம் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளில் மாதவிடாய் நின்றுவிடும். 2001இல் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி இந்தப் படிநிலைகளை வகுத்தார்கள். 2011இல் அவற்றைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்திலும் முதலிடம் மாதவிடாய்க் கணக்குக்குத்தான். ஹார்மோன் அளவு துணைச் சான்றாகவே வைக்கப்பட்டது.

கடைசி மாதவிடாய்க்குப் பிறகு 12 மாதம் முழுதாக எதுவும் படாமல் கழிந்தால்தான் மெனோபாஸ் என்று சொல்வோம். எனவே அது எந்த நாளில் நிகழ்ந்தது என்பதை ஓராண்டு கழித்துத் திரும்பிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மேலை நாடுகளில் சராசரி வயது 51. இந்தியப் பெண்களுக்கு 46, 47 என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. புகையிலை இதை ஓரிரு ஆண்டு முன்னால் இழுக்கும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டதால் சீக்கிரம் நின்றுவிட்டது என்று இங்கே பலர் நம்புகிறார்கள். அந்த ஆபரேஷனில் கட்டப்படுவது கருக்குழாய். சினைப்பை அப்படியே வேலை செய்துகொண்டிருக்கும். அதனால் மாதவிடாய் முன்கூட்டி நிற்பதில்லை.

நிற்பதற்குக் காரணம் சினைப்பையில் இருப்பு தீர்வது. பெண் குழந்தை பிறக்கும்போதே சினைப்பைகளில் 10 முதல் 20 லட்சம் கருமுட்டைப் பைகள் இருக்கும். வயதுக்கு வரும்போது 3, 4 லட்சம் மிஞ்சும். வாழ்நாள் முழுவதும் முட்டையாக வெளிவருபவை 400, 500தான். மற்றவை தாமாகவே கரைந்துவிடும். ஆயிரத்துக்கும் கீழே போகும்போது மாதவிடாய் நிற்கிறது. அந்த முட்டைப் பைகள்தான் ஈஸ்ட்ரோஜனைச் சுரந்துகொண்டிருந்தன. மூளை, எலும்பு, தோல், மூட்டு, சிறுநீர்ப் பாதை என்று எல்லா இடத்திலும் ஈஸ்ட்ரோஜனுக்கு வேலை உண்டு. அது ஏறி இறங்கி அலைக்கழிக்கிற அந்தச் சில ஆண்டுகளில் உடம்பின் பல மூலைகளிலிருந்தும் புகார் வருவது இதனால்தான். ஆகவே எலும்பு டாக்டர், இதய டாக்டர், தோல் டாக்டர் என்று தனித்தனியாகப் போகிற பெண்ணின் புகார்களை ஒரே மேசையில் சேர்த்து வைத்துப் பார்க்க ஒருவர் வேண்டும்.

எல்லாவற்றிலும் தெளிவான அடையாளம் அந்தத் திடீர்ச் சூடு. கம்பம்மெட்டு வழியாக விடிகாலையில் ஜீப் ஏறி வண்டன்மேட்டு ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் இதை மிகத் துல்லியமாகச் சொல்வார்கள். அங்கே குளிர். மற்றவர்கள் சால்வையை இழுத்துப் போர்த்தியிருக்கும்போது ஒருத்திக்கு மட்டும் நெஞ்சிலிருந்து சூடு கிளம்பிக் கழுத்து, முகம், காது என்று ஏறும். முகம் சிவக்கும், ரவிக்கை நனைய வேர்க்கும், நெஞ்சு படபடக்கும். ஒன்றிரண்டு நிமிடம், மிஞ்சினால் ஐந்து நிமிடம். அடங்கியதும் குளிரடிக்கும். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அங்குள்ள சில நரம்பணுக்கள் மிகைப்பட்டு, உடல் வெப்பம் இம்மி கூடினால்கூட வேர்வையைத் திறந்துவிடுகின்றன. இது மனப்பிரமை இல்லை என்று சொல்லும்போதே எதிரில் இருப்பவரின் தோள் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். சில மாதத்தில் போய்விடும் என்று நான் வாக்குக் கொடுப்பதில்லை. அமெரிக்காவில் பல இனப் பெண்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்த ஸ்வான் ஆய்வு, இந்தச் சூடு நீடிப்பதன் நடுமதிப்பு 7.4 ஆண்டுகள் என்று 2015இல் சொன்னது.

எல்லோருக்கும் இந்தச் சூடு வருவதில்லை. எங்கள் பகுதியில் மூட்டுவலியும் உடல்வலியும் முன்னால் நிற்கும். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது, தோள்பட்டை இறுகும். ஆனால் மணிக்கணக்கில் விறைப்பு இருந்தாலோ மூட்டு வீங்கியிருந்தாலோ அது முடக்குவாதமாக இருக்கலாம். தனியாகப் பார்க்க வேண்டும்.

இரவு வேர்வைக்கு இன்னொரு பெயரும் உண்டு என்பதை நம் ஊர் மருத்துவர்கள் ஒருநாளும் மறக்கக் கூடாது. தோட்ட வேலைக்குப் போகும் 48 வயதுப் பெண் ஒருவர் வந்தார். மாதவிடாய் நான்கு மாதமாக இல்லை. ராத்திரியில் பாய் நனைய வேர்க்கிறது. கூட வந்த நாத்தனார், "அதான் நிக்கிற நேரம், எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றார். வயதும் பொருந்தியது, கதையும் பொருந்தியது. பகலில் சூடு வருகிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். சாயங்காலம் உடம்பு காய்கிறதா என்றால், லேசாக என்றார். பசி இல்லை. ரவிக்கை தொளதொளத்துவிட்டது. இருமலைப் பற்றிக் கேட்டபோது, "அது எப்பவும் இருக்கிறதுதான்" என்றார். அரசு மருத்துவமனைக்கு அனுப்பிச் சளிப் பரிசோதனை செய்ததில் காசநோய் உறுதியானது. ஆறு மாதம் இலவச மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டுக் குணமானார். மாதவிடாய் திரும்ப வரவில்லை. அவருக்கு மெனோபாஸும் இருந்தது, காசநோயும் இருந்தது. ஒன்று இருப்பதால் இன்னொன்று இருக்காது என்று உடம்பு எழுதிக் கொடுப்பதில்லை. மெனோபாஸ் வேர்வை நிமிட நேரம் வந்து போகும், பகலிலும் வரும், எடையைக் குறைக்காது. வேர்வையோடு எடை இறங்கினாலோ காய்ச்சல் இருந்தாலோ வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

தைராய்டும் இதே வேடத்தில் வரும். தைராய்டு மிகையாகச் சுரந்தால் படபடப்பு, வேர்வை, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் இருக்கும். ஆனால் அந்தச் சூடு அலையாக வந்து போகாமல் நாள் முழுக்க நிற்கும். கையை நீட்டச் சொன்னால் விரல் நடுங்கும். குறைவாகச் சுரந்தால் அசதி, எடை, முடி உதிர்தல், மறதி, அதிக ரத்தப்போக்கு. எனவே நான் வழக்கமாக எழுதும் ரத்தப் பரிசோதனைகள் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை ஆகிய மூன்றுதான். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், திடீர் வேர்வை வரும் நேரத்தில் ரத்தச் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்கச் சொல்வேன்.

நான் வழக்கமாக எழுதாத பரிசோதனை ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். எஃப்எஸ்ஹெச் ரிப்போர்ட்டோடு வருகிறவர்கள் இப்போது அதிகம். 47, 48 வயதில் சூடு வருகிறது, சுற்று தவறுகிறது, சில நாள் கூலியைக் கொடுத்து ஹார்மோன் பரிசோதனையும் செய்திருப்பார்கள். சினைப்பை சோர்ந்தால் அதைத் தட்டியெழுப்ப மூளையடிச் சுரப்பி எஃப்எஸ்ஹெச்சை அதிகமாகச் சுரக்கும். ஆகவே அது உயர்ந்திருந்தால் மெனோபாஸ் என்பது கணக்கு. ஆனால் மாற்றம் நடக்கும் ஆண்டுகளில் இந்த அளவு வாரத்துக்கு வாரம் மாறும். இந்த மாதம் 40 இருக்கும், அடுத்த மாதம் 8 இருக்கும். முல்லைப் பெரியாற்று வாய்க்காலில் ஒருநாள் காலையில் ஓடும் தண்ணீரை அளந்துவிட்டு அந்த ஆண்டு இரண்டு போகம் விளையுமா என்று சொல்ல முடியாது. இதுவும் அப்படித்தான். ஒரு பள்ளி ஆசிரியை எஃப்எஸ்ஹெச் உயர்ந்திருந்ததால் எல்லாம் முடிந்தது என்று நாப்கின் வாங்குவதையே நிறுத்திவிட்டார். பிறகு ஓராண்டுக்கு மேல் அவருக்கு மாதவிடாய் வந்துகொண்டிருந்தது. இன்னொருவருக்கு அளவு இயல்பாக இருந்ததால் "உங்களுக்கு மெனோபாஸ் இல்லை" என்று சொல்லி மனநல மாத்திரை கொடுத்திருந்தார்கள். சூடும் வேர்வையும் அப்படியே இருந்தன. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 45 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு அறிகுறிகள் தெளிவாக இருந்தால் ரத்தப் பரிசோதனை இல்லாமலே முடிவு செய்யுங்கள் என்று நேராகவே சொல்கிறது. கிராமத்து மருத்துவச்சிகள் கேள்வி கேட்டே சொன்னதும் இதுதான்.

நாள் தள்ளிப்போனால் 45 வயதிலும் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுவேன். "நின்னுருச்சுன்னு நெனச்சேன்" என்று வந்த 43 வயதுப் பெண்ணின் அட்டையில் இரண்டு கோடு விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த வீடு அது. கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்ளாதவர்கள் 50 வயதுக்கு முன் நின்றால் இரண்டு ஆண்டுக்கும், 50க்குப் பின் நின்றால் ஓர் ஆண்டுக்கும் கருத்தடையைத் தொடர வேண்டும்.

எஃப்எஸ்ஹெச் உண்மையிலேயே தேவைப்படும் இடம் 40 வயதுக்குக் கீழே. 34 வயதில் ஆறு மாதமாக மாதவிடாய் இல்லாமல் ஒரு பெண் வந்தார். ஒரே மகன். இரண்டாவது குழந்தைக்காகக் காத்திருந்த வீடு. கர்ப்பம் இல்லை, தைராய்டு சரி, புரோலாக்டின் சரி. எஃப்எஸ்ஹெச் மிக உயர்ந்திருந்தது. ஒரு மாதம் கழித்து மறுபடி பார்த்தபோதும் அதே நிலை. 40 வயதுக்குள் நான்கு மாதமாவது மாதவிடாய் தவறி, எஃப்எஸ்ஹெச் 25க்கு மேல் இருந்தால் அது சினைப்பை முன்கூட்டிச் செயலிழப்பது. முன்பு இரண்டு முறை அளந்துதான் உறுதி செய்வோம். 2024இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல், ஒருமுறை தெளிவாக உயர்ந்திருந்தாலே போதும், ஐயமிருந்தால் மறுமுறை பாருங்கள் என்கிறது. 100 பெண்களில் ஒருவருக்காவது இது நேர்கிறது. குரோமோசோம் குறை, எதிர்ப்பாற்றல் கோளாறு, புற்றுநோய் சிகிச்சை என்று காரணம் தேட வேண்டும். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் காரணம் அகப்படுவதில்லை.

அந்தச் செய்தியைச் சொல்லும் விதம்தான் கடினம். அவரைத் தனியே உட்கார வைத்துச் சொன்னேன். கணவரைக் கூப்பிடலாமா என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகே கூப்பிட்டேன். மாமியாரை அழைக்கவில்லை. கருத்தரிக்கும் வாய்ப்பு அடியோடு போகவில்லை, 100க்கு 5 முதல் 10 பேருக்குத் தானாகத் தங்கலாம் என்பதையும் சொன்னேன். அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. இந்தப் பெண்களுக்கு இயல்பாக நிற்கும் வயதுவரை ஹார்மோன் கொடுக்காவிட்டால் எலும்பு மெலியும், இதயநோய் ஆபத்து கூடும். தொல்லை விட்டது என்று சும்மா இருந்துவிடும் இளம் பெண்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன். 40 வயதுக்குள் மாதவிடாய் நின்றால் அதற்குச் சிகிச்சை வேண்டும்.

கர்ப்பப்பையை எடுத்தவர்களிடம் கேட்கத் தேதியே இருக்காது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2015-16இல் இதை முதன்முறையாகக் கேட்டபோது, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 100க்கு 3 பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடந்தது. "பை எடுத்தாச்சு" என்று சொல்பவரிடம் சினைப்பையையும் எடுத்தார்களா என்று கேட்டால் தெரியாது என்பார். டிஸ்சார்ஜ் காகிதம் வீட்டில் இருக்காது. இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்தால் ஆபரேஷன் முடிந்த சில நாளிலேயே மெனோபாஸ் கடுமையாகத் தொடங்கிவிடும். அவை உள்ளே இருந்தாலும் மற்றவர்களைவிடச் சில ஆண்டு முன்னதாக ஓயக்கூடும். இவர்களிடம் சூடு, தூக்கம், வறட்சி ஆகியவற்றைக் கேட்டும், ஸ்கேனில் சினைப்பையைப் பார்த்தும், தேவைப்பட்டால் எஃப்எஸ்ஹெச் எடுத்தும் முடிவுக்கு வர வேண்டும். 38 வயதில் பை எடுத்து, 40 வயதில் தூக்கமின்றி அலைகிற பெண்ணுக்கு மெனோபாஸ் என்ற எண்ணமே யாருக்கும் வருவதில்லை. ஆபரேஷன் செய்துகொள்ளும் ஒவ்வொரு பெண்ணும் எதை எடுத்தார்கள், எதை வைத்தார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

கணக்கைக் குழப்பும் இன்னொன்று, விசேஷத்துக்காக நாள் தள்ளிப்போடும் மாத்திரை. திருவிழா, கிரகப்பிரவேசம், மகள் கல்யாணம் என்று மருந்துக் கடையில் தாங்களே வாங்கிச் சாப்பிடுவார்கள். மாத்திரையை நிறுத்தியதும் படும் ரத்தத்தை மாதவிடாய் என்று எண்ணிக்கொள்வார்கள். காப்பர்-டி போலக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் கருவி வைத்தவர்களுக்கும் ரத்தப்போக்கை வைத்துக் கணிக்க முடியாது. கேட்டால்தான் சொல்வார்கள்.

கூச்சத்தால் சொல்லாமல் விடுவது அந்தரங்க வறட்சி. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது பிறப்புறுப்பின் உட்தோல் மெலியும். உறவின்போது வலி, அரிப்பு, அடிக்கடி நீர்க்கடுப்பு. கல்ச்சரில் கிருமி இல்லாமலே மீண்டும் மீண்டும் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களைப் பார்க்கிறேன். சூடு நாளடைவில் அடங்கும். இது அடங்காது, கூடும். உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் சில வாரங்களில் பெரிய நிம்மதியைத் தரும். "வீட்டுக்காரரோட இருக்கும்போது வலிக்குதா?" என்று கதவைச் சாத்திவிட்டு நானாகவே கேட்டுவிடுகிறேன். பதில் பெரும்பாலும் கண்ணீராகத்தான் வரும். வலியால் விலகியதை வெறுப்பு என்று கணவர் நினைத்திருப்பார். உறவு முறியும் நிலைக்குப் போயிருக்கும்.

மனசையும் கேட்க வேண்டும். மாறி வரும் ஹார்மோனோடு மகள் கல்யாணக் கடன், வயதான மாமியாரின் படுக்கை, குடிக்கிற கணவன் எல்லாம் சேர்ந்து வருகிற வயது இது. பேய் பிடித்திருக்கிறது என்று கோடாங்கியிடம் கூட்டிப்போன பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு. பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்தவர்களுக்கு இந்த வயதில் அது திரும்பவும் வரக்கூடும். "செத்துரலாம்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேட்பேன். வீட்டில் பூச்சிமருந்து இருக்கும் விவசாயக் குடும்பங்கள் நிறைந்த ஊரில் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடக் கூடாது. ஆம் என்று சொன்னால் அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்புவேன். ஹார்மோனைக் காரணம் காட்டிக் காத்திருக்க மாட்டேன்.

இனி ரத்தப்போக்கு. நிற்கும் காலத்தில் மாதவிடாய் இடைவெளி விட்டு வருவது இயல்பு. வாரக்கணக்கில் கொட்டுவது இயல்பில்லை. "நிக்கப் போற நேரத்துல பெரும்பாடு வரத்தான் செய்யும்" என்ற நம்பிக்கை எத்தனையோ பெண்களை வெளிறிப்போக வைத்திருக்கிறது. ஹீமோகுளோபின் 5க்கு இறங்கி, இரண்டு படி ஏற முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவர்களுக்கு ரத்தம் ஏற்றித்தான் சிகிச்சையைத் தொடங்க வேண்டியிருந்தது. கட்டியாக இருக்கலாம், கர்ப்பப்பை உட்சுவர் தடித்திருக்கலாம், அதில் புற்றுநோயின் தொடக்கம் இருக்கலாம். 45 வயதுக்கு மேல் அதிகமாகவோ இடையிடையேயோ பட்டால் உட்சுவரிலிருந்து சிறு துணுக்கெடுத்துப் பரிசோதிக்க வேண்டும். அதன் பிறகே மாத்திரை.

நின்று ஓராண்டு கடந்த பின் படுவது இன்னும் கவனத்துக்குரியது. 58 வயது அம்மா ஒருவர் முழங்கால் வலிக்கு வந்தவர், எழுந்து போகும்போது, "ரெண்டு தடவ லேசா கறை பட்டுச்சு, சூட்டுல இருக்கும்" என்றார். மறுபடி உட்கார வைத்தேன். ஸ்கேனில் உட்சுவர் 11 மில்லிமீட்டர் இருந்தது. நின்றவர்களுக்கு 4 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். துணுக்குப் பரிசோதனையில் புற்றுநோய். கர்ப்பப்பையைத் தாண்டியிருக்கவில்லை. ஆபரேஷனோடு முடிந்தது. இன்று பேரனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறார். இப்படி ரத்தம் படுகிறவர்களில் ஏறத்தாழ 10இல் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். ஆனால் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் வந்த பெண்களில் 10இல் 9 பேருக்கு ரத்தம் பட்டிருக்கும். அந்தக் கறை உடம்பு அனுப்பும் முன்னறிவிப்பு. அதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

எனவே மெனோபாஸ் என்று முடிவு செய்யும் நாளில் ரத்த அழுத்தம், எடை, மார்பகம் எல்லாம் பார்த்துவிடுவேன். கர்ப்பப்பை வாயையும் பார்ப்பேன். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் கழித்துப் பார்க்கும் எளிய சோதனை உண்டு. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் நடந்த பெரிய ஆய்வு, இந்த ஒற்றைச் சோதனை கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பை 35 சதவீதம் குறைத்தது என்று 2007இல் லான்செட் இதழில் வெளியானது. உலகுக்கே வழிகாட்டிய அந்த ஆய்வில் பங்கெடுத்தவர்கள் எங்கள் பக்கத்து மாவட்டத்துப் பெண்கள். அரசு மருத்துவமனைகளில் இச்சோதனை இலவசம். பிள்ளை பெற்ற பிறகு ஒருமுறைகூட உள்ளே பரிசோதித்துக்கொள்ளாத பெண்களுக்கு மெனோபாஸ் அதற்கான நல்ல சந்தர்ப்பம்.

சிகிச்சையை எல்லோருக்கும் எழுதுவதில்லை. பெயர் தெரிந்ததே பாதிப் பேருக்குப் போதுமானதாக இருக்கிறது. கேழ்வரகு, எள், கீரை, பருப்பு, நடை, வெயில், உறக்க ஒழுங்கு எல்லோருக்கும் வேண்டும். சூடு வாழ்க்கையைக் குலைத்தால் ஹார்மோன் சிகிச்சை உண்டு. 2002இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு மார்பகப் புற்றுநோய் ஆபத்து கூடுவதைக் காட்டி நிறுத்தப்பட்ட பிறகு உலகமே ஹார்மோனைக் கண்டு அஞ்சியது. அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. 60 வயதுக்குள், நின்று 10 ஆண்டுக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்ணுக்கு நன்மையே அதிகம் என்பது பிந்தைய அலசல்களில் தெரிந்தது. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, கல்லீரல் நோய், காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருப்பவர்களுக்கு வேண்டாம். கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரானும் சேர வேண்டும். மருந்துக் கடையில் தாமாக வாங்கும் மருந்து இதுவல்ல.

இளம் மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 40 வயதைக் கடந்த பெண் எந்தப் புகாரோடு வந்தாலும், பரிசோதனைச் சீட்டை எடுப்பதற்கு முன் கடைசி மாதவிடாய்த் தேதியைக் கேளுங்கள். பதில் வரப் பத்து நிமிடம் ஆகலாம். அந்தப் பத்து நிமிடம் அவருக்கு மிச்சப்படுத்தும் பணமும் அலைச்சலும் மிக அதிகம்.

வீட்டில் இருக்கும் ஆண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவோ மனைவியோ தூக்கமில்லாமல் எரிந்து விழுந்தால், "உனக்கு என்ன கொறச்சல்" என்று கேட்காமல் கூடவே மருத்துவரிடம் வாருங்கள்.

பெண்களே, நாள்காட்டியில் மாதவிடாய் வந்த தேதியை வட்டமிடுங்கள். எந்த ரத்தப் பரிசோதனையையும்விட எனக்கு அது உதவும். 40 வயதுக்குள் நின்றாலும், நிற்கும் காலத்தில் அளவுக்கு மீறிப் பட்டாலும் காத்திருக்காதீர்கள். நின்று ஓராண்டு கழிந்த பின் ஒரு சொட்டு பட்டாலும், வலி இல்லாவிட்டாலும், அந்த வாரமே வந்து காட்டுங்கள்.